செறுகண்டல்: ஒரு தாவரக் கட்டுரையின் முந்நூறு ஆண்டுகள்

மட்டாஞ்சேரிக்குத் தெற்கே, காயல் நீர் சூழ்ந்த கும்பளங்கிக் கரைகளில் கண்டல் நிற்கிறது. அதைப் பற்றித் தமிழில் ஒரு கலைக்களஞ்சியக் கட்டுரை எழுத முற்படும் மாணவர் தலைப்பிலேயே இடறுவார். மலையாளத்தில் கண்டல் என்றால் பெரும்பாலும் ரைசோஃபோரா குடும்பத்து மரம். கிளையிலிருந்தே விதை முளைத்து, முருங்கைக்காய் போல நீண்டு தொங்கிப் பின் சேற்றில் விழும் வகை அது. மலைத்தொடரைக் கடந்து பிச்சாவரத்துக்கு வந்தால் அந்த மரத்திற்குச் சுரபுன்னை என்று பெயர். அங்கே வெண்கண்டல், கருங்கண்டல் என்று வழங்கப்படுபவை அவிசென்னியா இனத்தைச் சேர்ந்தவை. சேற்றிலிருந்து மேல்நோக்கி விரல் விரலாக மூச்சுவேர் விடும் அவை வேறொரு குடும்பத்து மரங்கள். ஆக, ஒரே சொல் இரு கடற்கரைகளில் இரு மரங்களைக் குறிக்கிறது.

இது வெறும் சொல்லாராய்ச்சி என்று ஒதுக்கத்தக்கதன்று. ரைசோஃபோரா வகையின் நீண்ட முளைக்காயைக் கையால் சேற்றில் ஊன்றி நடலாம். அவிசென்னியாவின் விதையோ வாதுமைப் பருப்பளவே உள்ளது. அலைநீரே அதைக் கொண்டு சேர்க்கும். 1990களில் பிச்சாவரத்தில் எம். எஸ். சுவாமிநாதன் ஆராய்ச்சி நிறுவனம் மீன்முள் வடிவில் வாய்க்கால் வெட்டி ஓதநீரை உள்ளே விட்டுக் காட்டை மீட்டெடுத்தபோது, நடவுக்குப் பெரிதும் பயன்பட்டது அவிசென்னியாவே. 'கண்டல் நடுவது எப்படி' என்ற கேள்விக்குக் களஞ்சியத்தைப் புரட்டுபவருக்கு எந்தக் கண்டல் என்பது முதலில் தெரிய வேண்டும். தலைப்பு பிழைத்தால் கட்டுரை முழுவதும் வேறொரு மரத்தைப் பேசிக்கொண்டிருக்கும்.

ஒரு தாவர இனத்தைப் பற்றிய களஞ்சியக் கட்டுரைக்கு இன்று ஏறத்தாழ உலகம் முழுவதும் ஒரே அமைப்பு நிலைத்துவிட்டது: அறிவியற்பெயர், குடும்பம், உறுப்பு விளக்கம், வகைப்பாட்டு வரலாறு, பரவல், வாழிடம், சூழலுறவு, இறுதியாகப் பயன். மாணவர்கள் இதை இயற்கையாகவே அமைந்த வரிசை என எடுத்துக்கொள்கிறார்கள். ஆனால் இவ்வரிசையின் ஒவ்வொரு பகுதிக்கும் வரலாறு உண்டு. யாருடைய சொல் முன்னால் நிற்க வேண்டும், யாருடைய சொல் பின்னால் தள்ளப்பட வேண்டும் என்று வெவ்வேறு காலங்களில் எடுக்கப்பட்ட முடிவுகள் அதில் படிந்துள்ளன. அந்த வரலாற்றின் முக்கியமான ஓர் அத்தியாயம் கும்பளங்கிக்கு மிக அருகிலேயே, டச்சுக்காரர் கையிலிருந்த கொச்சிக் கோட்டையில் நிகழ்ந்தது.

1663 சனவரியில் டச்சுக் கிழக்கிந்தியக் கம்பெனி கொச்சியைப் போர்ச்சுக்கீசியரிடமிருந்து கைப்பற்றியது. 1670 முதல் 1677 வரை மலபார்ப் பகுதியின் தளபதியாக இருந்தவர் ஹென்றிக் ஆத்ரியான் வான் ரேடெ. அவர் முன்னின்று தொகுப்பித்த நூலே ஹோர்த்தூஸ் மலபாரிக்கூஸ், அதாவது 'மலபார்த் தோட்டம்'. 1678 தொடங்கி 1693 வரை ஆம்ஸ்டர்டாமில் பன்னிரண்டு பெருந்தொகுதிகளாக அது வெளியாயிற்று. அதில் 742 தாவரங்கள் விளக்கப்பட்டுள்ளதாகக் கணக்கிடுவர். நூல் முற்றுப்பெறுவதற்கு முன்பே, 1691 டிசம்பரில், வான் ரேடெ கடற்பயணத்தில் இறந்தார். அவருடைய கல்லறை சூரத்தில் உள்ளது.

நூல் உருவான முறைதான் இங்கு முதன்மையாகக் கவனிக்கத்தக்கது. மரமேறுவோரும் காடறிந்தோரும் இலை, பூ, காய், வேர் என்று கொண்டுவந்தனர். ஓவியர்கள் அவற்றை வரைந்தனர். மருத்துவர்கள் பெயரும் குணமும் சொன்னார்கள். சேர்த்தலையை அடுத்த கடக்கரப்பள்ளியில், கொல்லாட்டு வீட்டைச் சேர்ந்த ஈழவ வைத்தியர் இட்டி அச்சுதன் தம் குடும்ப ஏட்டையும் தம் கைப்பழக்கத்தையும் ஆதாரமாகக் கொண்டு மலையாளத்தில் எடுத்துரைத்தார். கொச்சியில் வாழ்ந்த கொங்கணி அந்தணர் மூவர், ரங்க பட்டர், விநாயக பண்டிதர், அப்பு பட்டர் ஆகியோர், தம் மரபின் மருத்துவ நூல்களை ஒட்டிச் சரிபார்த்தனர். மொழிபெயர்ப்பாளர் இம்மானுவேல் கார்னெய்ரோ அதைப் போர்ச்சுக்கீசியத்தில் எழுதினார். பின்னர் அது இலத்தீனுக்குச் சென்றது. அந்த இலத்தீன் நடையில் பங்குகொண்டவர் யோகான்னஸ் கசேரியஸ் என்னும் மதகுரு. இளமையில் ஸ்பினோசாவோடு ஒரே வீட்டில் தங்கித் தத்துவம் கற்றவர் அவர் என்பது பலரும் அறியாத செய்தி.

இவர்கள் தங்கள் பங்கை உறுதிப்படுத்தி 1675 ஏப்ரலில் எழுதித் தந்த சான்றிதழ்கள் முதல் தொகுதியின் முகப்பில் அச்சாகியுள்ளன. இட்டி அச்சுதனுடையது கோலெழுத்தில், கொங்கணி மருத்துவர்களுடையது நாகரியில். மலையாளச் சொற்கள் அச்சேறிய முதல் நூல் இதுவே எனப் பொதுவாகக் கொள்வர். (இதே கொச்சியில் தமிழ் அதற்கு ஒரு நூற்றாண்டு முன்பே அச்சேறிவிட்டது. கிரீசித்தியானி வணக்கம் 1579இல் இங்கு அச்சடிக்கப்பட்டது.) சான்றுரைத்தவரின் சொந்த எழுத்திலேயே சான்றை அச்சிட்டு நூலின் வாயிலில் வைப்பது அக்காலத்து ஐரோப்பியத் தாவர நூல்களுக்கு வழக்கமன்று. கட்டுரைகளின் நம்பகம் யாரைச் சார்ந்தது என்பதை நூல் மறைக்கவில்லை.

இனி ஹோர்த்தூஸில் ஒரு கட்டுரை எவ்வாறு அமைந்தது என்று பார்க்கலாம். படத்தின் மேற்பகுதியில் தாவரத்தின் மலையாளப் பெயர் உரோம எழுத்திலும், மலையாள எழுத்திலும், அரபு எழுத்திலும், நாகரியில் கொங்கணிப் பெயருமாகப் பொறிக்கப்பட்டிருக்கும். கட்டுரையின் தலைப்பும் மலையாளப் பெயரே. அடுத்துக் கொங்கணிப் பெயர். பல இடங்களில் போர்ச்சுக்கீசிய, டச்சுப் பெயர்கள். பிறகு எங்கே வளர்கிறது என்பது. அதன் பின் வேரில் தொடங்கித் தண்டு, பட்டை, இலை, பூ, காய், விதை என மேலேறும் விளக்கம். எப்போது பூக்கும், எப்போது காய்க்கும், எத்தனை ஆண்டு நிற்கும் என்பன தொடரும். இறுதியில் மருத்துவப் பயன். இவற்றுக்கெல்லாம் கீழே, பல தொகுதிகளில், ஹாலந்திலிருந்த தாவரவியலாளர்களின் குறிப்பு தனியே நிற்கும். முதல் தொகுதிக்கு ஆர்னால்ட் சைனும் பின்னவற்றுக்கு யான் கோமெலினும் அவற்றை எழுதினர். அந்த மரத்தை ஒருபோதும் கண்டிராத அவர்கள், தாம் படித்த நூல்களில் உள்ள எந்தச் செடியோடு இது ஒக்கும் என்று தேடிக்கொண்டிருப்பார்கள். ஒரே கட்டுரைக்குள் இரு குரல்கள், நடுவே ஒரு கோடு. இன்றைய களஞ்சியக் கட்டுரைகளில் இத்தகைய கோடு காணப்படுவதில்லை. எல்லாம் ஒரே குரலில் கரைந்துவிடுகின்றன.

வேரிலிருந்து விதைவரை செல்லும் வரிசை ஐரோப்பிய மூலிகை நூல்களில் வளர்ந்த வரிசை. ஆனால் அதற்குள் புகுந்திருக்கும் ஒரு செய்தி வேறு மரபின் சாயலைக் காட்டுகிறது. ஒவ்வொரு உறுப்பையும் விளக்கும்போது அதன் சுவையும் மணமும் திரும்பத் திரும்பச் சொல்லப்படுகின்றன. வேர் கைப்பு, பட்டை துவர்ப்பு, இலைக்கு மணமில்லை, காய் காரம் என்ற வகையில். ஐரோப்பிய மூலிகை நூல்களிலும் சுவைக்கு இடமுண்டு என்பதால் இதை முற்றிலும் மலபார் மருத்துவர்களின் கொடை எனச் சாதிக்க இயலாது. ஆயினும் இவ்வளவு விடாப்பிடியாக உறுப்பு உறுப்பாகச் சுவைத்துப் பார்த்து எழுதுவது வைத்தியர் பக்கத்தில் அமர்ந்திருந்ததன் அடையாளமாகவே தோன்றுகிறது.

தமிழ் மாணவர்களுக்கு இது உடனே விளங்கும். சித்த மருத்துவக் குணபாட நூல்களில் ஒரு மூலிகைக்கான பதிவு எப்படி அமைகிறது? வேறு பெயர்கள், பயன்படும் உறுப்பு, சுவை, தன்மை, பிரிவு, செய்கை, குணம். சுவை நாவில் அறிவது. தன்மை அது வெப்பமா தட்பமா என்பது. பிரிவு உண்டபின் அது என்ன சுவையாக மாறுகிறது என்பது. இலை எதிரடுக்கா மாற்றடுக்கா, மகரந்தத் தாள் எத்தனை என்ற கேள்விகள் அங்கு எழுவதில்லை. செடியை அடையாளம் காண்பது குருவிடம் கற்க வேண்டியது; ஏடு சொல்வது, கண்ட செடி உடலுக்குள் என்ன செய்யும் என்பதையே. அந்த மரபில் சுவை விளக்கத்தின் ஒப்பனையன்று, வகைப்பாட்டின் அடிப்படை. ஹோர்த்தூஸில் சுவை உறுப்பு விளக்கத்தினுள் போய் அமர்ந்துவிட்டது. இரு கட்டுரை வடிவங்கள் ஒன்றன்மேல் ஒன்று பொருத்தப்பட்டதன் தழும்பு அது.

ஐம்பதாண்டுகளுக்குள் அத்தழும்பும் அழிக்கப்பட்டது. 1736இல், ஹாலந்தில் தங்கியிருந்த இளைஞர் கார்ல் லின்னேயஸ் 'மெத்தோதுஸ்' என்ற ஒரு சிறு தாளை வெளியிட்டார். எந்த உயிரினத்தையும் எவ்வாறு முழுமையாக விளக்குவது என்பதற்கான விதிகள் அதில் ஏழு தலைப்புகளின் கீழ் முப்பத்தெட்டு இலக்கங்களாக உள்ளன. பெயர்கள், கோட்பாடு, பேரினம், சிற்றினம், பண்புகள், பயன், இலக்கியம் என்பன அத்தலைப்புகள். 'ஒரு தாவரத்தைப் பற்றி எழுதுவது எப்படி' என்ற கேள்விக்கு இன்று தரப்படும் அத்தனை வழிகாட்டுதல்களுக்கும் இது பாட்டன் முறை. அதில் பயன் ஆறாம் இடத்துக்குப் போயிற்று. பெயர்த் தலைப்பினுள்ளும் அறிஞர் இட்ட பெயர் முதலில்; நாட்டு வழக்குப் பெயர்கள் பின்னால்.

அதைவிடக் கடுமையான முடிவு லின்னேயஸின் பிற நூல்களில் உள்ளது. ஓர் இனத்தை மற்றோர் இனத்திலிருந்து பிரித்துக் காட்டும் வரையறையில் நிறம், மணம், சுவை, பயன், இடம், காலம் ஆகியவற்றை நம்பக் கூடாது என்று அவர் விதித்தார். அவை மாறக்கூடியவை, எண்ணிக்கையும் வடிவமும் நிலையும் அளவுமே உறுதியானவை என்பது அவர் வாதம். உலகெங்கிலுமிருந்து உலர்ந்த கிளைகளைப் பெற்று உப்சாலாவில் அமர்ந்து ஒப்பிடுபவருக்கு இது மிகப் பொருத்தமான விதி. உலர்ந்த கிளையில் சுவையும் இல்லை, மணமும் இல்லை, கழிமுகமும் இல்லை. விலக்கப்பட்டவற்றின் பட்டியலைப் பார்த்தால், இட்டி அச்சுதன் ஒரு செடியைப் பற்றி முதலில் சொல்லக்கூடிய செய்திகள் ஏறத்தாழ அனைத்தும் அதில் உள்ளன. இதற்காக லின்னேயஸைக் குற்றம்சாட்டுவது எளிது, ஆனால் நியாயமன்று. அந்தச் சுருக்கம் இல்லாவிட்டால் ஏறத்தாழ 6,000 இனங்களை 1753இல் ஒரே நூலுக்குள் அடக்கியிருக்க முடியாது; கடல்கடந்த ஒப்பீடும் நடந்திருக்காது. சுருக்கம் தேவைப்பட்டது. எதைச் சுருக்கினார்கள் என்பது மறந்துபோனதுதான் பின்னாளைய குறை.

1753இன் 'ஸ்பீசீஸ் பிளாண்டாரும்' நூலில் செறுகண்டல் எப்படி நுழைகிறது என்று பார்த்தால் இது தெளிவாகும். ஹோர்த்தூஸின் ஆறாம் தொகுதியில் (1686), 63ஆம் பக்கத்தில், 35ஆம் படமாக இருப்பது அம்மரம். செறு என்பது தமிழின் 'சிறு'வே. லின்னேயஸ் அதற்கு ரைசோஃபோரா கண்டெல் என்று பெயரிட்டார். இலை, பூக்காம்பு, காய் இவற்றைச் சுட்டும் ஒரு குறுந்தொடர், ரேடெயின் நூலுக்கு ஒரு சுட்டு, வாழிடம் பற்றிச் சில சொற்கள், கட்டுரை முடிந்தது. பன்னிரண்டு சொற்களுக்கு மிகாமல் வரையறுக்க வேண்டும் என்பது அவரே வகுத்த விதி.

ஆனால் இங்கே ஒரு விந்தை இருக்கிறது. ஹோர்த்தூஸில் கண்டல் என்று முடியும் பெயர்கள் அடுத்தடுத்து வருகின்றன: கண்டல், செறுகண்டல், கரிக்கண்டல், பூக்கண்டல் என. லின்னேயஸ் இந்நான்கையும் முறையே ஜிம்னோரைசா, கண்டெல், சிலிண்ட்ரிகா, கார்னிகுலாட்டா என்ற சிற்றினங்களாக ஒரே ரைசோஃபோரா பேரினத்தில் வைத்தார். முதல் மூன்றும் இன்றும் ஒரே குடும்பம். நான்காவதான பூக்கண்டலோ அவற்றுக்குச் சிறிதும் உறவில்லாத வேறொரு குடும்பத்தது. இன்று அதன் பெயர் ஏகிசெராஸ் கார்னிகுலாட்டம். பூவின் அமைப்பையே அளவுகோலாகக் கொண்ட ஒருவர் பூவினால் ஒவ்வாத ஒன்றை ஏன் அங்கே சேர்த்தார்? மரத்தை அவர் பார்க்கவில்லை. பார்த்தது ரேடெயின் படமும் எழுத்தும். மலபார்க்காரர் கண்டல் எனச் சேர்த்துச் சொன்னதை அவரும் சேர்த்துக்கொண்டார் என்றே தோன்றுகிறது. பயனையும் இடத்தையும் வரையறையிலிருந்து விலக்கிய நூலுக்குள், காயல்கரையில் வாழ்வோரின் பகுப்பு ஒன்று பெயரில்லாமல் உள்ளே வந்துவிட்டது. அந்தப் பகுப்பும் 'உப்புநீரில் நிற்பதெல்லாம் கண்டல்' என்ற பொத்தாம்பொதுவான பகுப்பன்று. அதே கரையில் நிற்கும் அவிசென்னியா ஹோர்த்தூஸில் கண்டல் எனப்படவில்லை. அதற்கு 'ஊப்பாட்டா' என்று தனிப்பெயர் தரப்பட்டு வேறு தொகுதியில் வைக்கப்பட்டுள்ளது.

ரிச்சர்ட் குரோவ் 1990களில் எழுதியவற்றில் ஹோர்த்தூஸின் வகைப்பாடே அடிப்படையில் ஈழவர்களுடையது என்று வாதிட்டார். அந்தக் கூற்று முழுமையாக நிற்காது. நூலின் ஒட்டுமொத்த ஒழுங்கு, மரங்களில் தொடங்கிக் கொடிகளைக் கடந்து பூண்டுகளில் முடிவது, ஐரோப்பாவிலும் பழகியதே. யோகான்னஸ் ஹெனிகர் 1986இல் வெளியிட்ட விரிவான ஆய்வு காட்டுவதுபோல, நூலில் பல கைகள் கலந்துள்ளன. ஆனால் கண்டல் போன்ற பெயர்த் தொகுதிகளின் அளவில் குரோவ் சொன்னது சரியாகவே பொருந்துகிறது. பெரிய கோட்பாட்டைவிட இந்தச் சிறிய சான்றே வலிமையானது.

தென்னையின் கதை இன்னும் கூர்மையானது. ஹோர்த்தூஸின் முதல் தொகுதி தெங்கில்தான் தொடங்குகிறது: முதல் நான்கு படங்களும் முதல் எட்டுப் பக்கங்களும் அதற்கே. எந்த மரத்திலிருந்து ஒரு நாட்டின் தாவரங்களைச் சொல்லத் தொடங்குவது என்ற கேள்விக்கு அந்தக் கடற்கரையில் வேறு விடை இருக்க முடியாது. தொல்காப்பிய மரபியலோ புறத்தே வயிரமுடையவற்றைப் புல் என்றும் அகத்தே வயிரமுடையவற்றை மரம் என்றும் பிரிப்பதால், அதன்படி தென்னை மரமே அன்று. லின்னேயஸும் பனைக் குடும்பத்தைத் தம் இருபத்து நான்கு வகுப்புகளுக்குள் அடக்காமல் பின்னிணைப்பில் வைத்தார். அங்கே தென்னையின் வாழிடமாக அவர் குறித்தது இந்தியாவின் ஈரமும் நிழலும் உடைய இடங்களை. வெயில் படாத தென்னை காய்க்காது என்பது கும்பளங்கியில் சிறு பிள்ளைக்கும் தெரியும். வாழிடம் ஒரு வரியாகச் சுருங்கும்போது நேரும் விபத்து இது. ஆனாலும் தென்னையின் அறிவியற்பெயர் எந்த மாதிரியைச் சார்ந்து நிற்கிறது என்று பின்வந்த தாவரவியலாளர்கள் முடிவுசெய்ய வேண்டியிருந்தபோது, 1979இல் அவர்கள் தேர்ந்தது உலர்ந்த ஓலையையன்று. ஹோர்த்தூஸின் அந்தத் தெங்குப் படங்களையே. உலகெங்கும் கோகோஸ் நூசிஃபெரா என்ற பெயர் இறுதியில் சென்று நிற்கும் இடம் மலபாரில் எழுதிய அந்தப் பக்கங்களே.

செறுகண்டலுக்குப் பத்தொன்பதாம் நூற்றாண்டில் மீண்டும் பெயர் மாறியது. சென்னை மாகாணத்தில் பணிபுரிந்த இராபர்ட் வைட், ஆர்னாட்டுடன் சேர்ந்து 1834இல் வெளியிட்ட தென்னிந்தியத் தாவர நூலில் அதை ரைசோஃபோராவிலிருந்து பிரித்துக் கண்டேலியா என்னும் தனிப் பேரினமாக்கினார். சிற்றினப் பெயர் ரீடியை. காயல்கரையின் சொல் பேரினமாக, தளபதியின் பெயர் சிற்றினமாக அமைந்தது. எண்பது ஆண்டுகள் கழித்து, 1914இல், முந்துரிமை விதியின்படி லின்னேயஸின் பழைய சிற்றினப் பெயர் மீட்கப்பட்டுக் கண்டேலியா கண்டெல் என்றாயிற்று. இலத்தீன் வேடமிட்ட இரு சொற்களும் உண்மையில் ஒரே மலையாளச் சொல்: 'கண்டல் கண்டல்'. நாட்டுப்பெயர்களை அறிவியலுக்குப் பொருந்தாதவை என ஒதுக்கிய மரபில் இப்படியோர் இரட்டிப்பு அமைந்தது எவரும் திட்டமிட்டதன்று.

பெயர் சூட்டிப் போற்றும் வழக்கத்திலும் ஓர் அடுக்கு தெரிகிறது. தளபதிக்கு ரீடியா, மதகுருவுக்குக் கசேரியா. இட்டி அச்சுதனுக்கு புளூமே பத்தொன்பதாம் நூற்றாண்டில் அச்சுடெமியா என்று ஒரு பேரினப் பெயர் தந்தார். அந்தச் செடி ஜாவாவில் வளர்வது. கிளைகளைக் கொண்டுவந்து கொடுத்தவர்கள் பெயர்ப்பட்டியலில் இல்லை.

2003இல் கண்டேலியா மீண்டும் பிரிந்தது. சீனம், தைவான், சப்பான் பகுதிகளில் வளர்வது குளிரைத் தாங்குவதும் குரோமோசோம் எண்ணிக்கையில் வேறுபடுவதுமான தனி இனம் என்று காட்டப்பட்டுக் கண்டேலியா ஓபோவாட்டா என்று பெயர் பெற்றது. பழைய பெயர் எந்தப் பகுதிக்கு உரியது என்ற கேள்விக்கு விடை தயாராக இருந்தது: 1686இன் 35ஆம் படம் மலபாரைச் சேர்ந்தது, ஆகவே கண்டெல் என்ற பெயர் தெற்கே தங்கியது. இடத்தை வரையறையிலிருந்து விலக்கிய அறிவியல், தன் சிக்கலைத் தீர்க்க ஒரு கடற்கரையின் பெயரிடமே திரும்பி வந்தது.

இடையில் வேறொரு கட்டுரை வடிவமும் இந்தியாவில் வேரூன்றியது. 1889 முதல் 1893 வரை வெளியான ஜார்ஜ் வாட்டின் இந்தியப் பொருளாதார விளைபொருள் அகராதி, ஒவ்வொரு தாவரத்தையும் அறிவியற்பெயரின் அகரவரிசையில் வைத்து, வட்டாரப் பெயர்களை மொழிவாரியாகக் குவித்து, அதன்கீழ் பிசின், சாயம், நார், எண்ணெய், மருந்து, உணவு, மரம் என்று துண்டு துண்டாகப் பகுத்தது. விடுதலைக்குப் பின் அறிவியல் தொழிலக ஆராய்ச்சி மன்றம் வெளியிட்ட 'இந்தியாவின் செல்வம்' வரிசை இந்த வடிவத்தின் வாரிசு. கண்டல் இங்கே தோல் பதனிடும் துவர்ப்பட்டையாகவும் விறகாகவும் ஆகிறது. ஹோர்த்தூஸில் யார் சொன்னார் என்ற சான்று நூலின் வாயிலில் நின்றது. இங்கே வட்டாரப் பெயர் சுங்கச்சாவடியில் சரக்கை அடையாளம் காணும் சீட்டாகிவிட்டது. தமிழ்ப் பெயர் இன்ன ஊரில், இன்னார் வாயில் வழங்குவது என்ற செய்தி உதிர்ந்து, 'தமிழ்' என்ற ஒற்றைக் குறியின்கீழ் சுரபுன்னையும் கண்டலும் அருகருகே கிடக்கும் நிலை இத்தகைய குவிப்புகளிலிருந்தே வருகிறது. இன்று மாணவர்கள் இணையத்திலும் பாடநூல்களிலும் எடுத்தாளும் 'வேறு பெயர்கள்' பட்டியல்கள் பல இந்தக் குவிப்பின் தொடர்ச்சியே.

தமிழ் வளர்ச்சிக் கழகம் பெரியசாமித் தூரனை முதன்மை ஆசிரியராகக் கொண்டு 1954 முதல் வெளியிட்ட கலைக்களஞ்சியம் இதற்கு எதிர்த்திசையில் ஒரு துணிவைக் காட்டியது. ஆங்கிலக் களஞ்சியத்தின் மொழிபெயர்ப்பாக அமையாமல், தமிழ்ச் சொல்லைத் தலைப்பாகக் கொண்டு தமிழ் அகரவரிசையில் அது சென்றது. ஒன்பது தொகுதிகள் 1963இல் நிறைவுற்றன. 1968இல் ஓர் இணைப்புத் தொகுதியும் வந்தது. தாவரத்தைத் தமிழ்ப் பெயரின்கீழ் தேடலாம் என்பது வாசகனுக்குப் பெரிய உரிமை. அதன் விலையும் உண்டு: தமிழ்ப் பெயர் ஒன்றுக்கு மேற்பட்ட மரத்தைக் குறிக்கும் இடங்களில் ஆசிரியர் ஒரு கரையைத் தேர்ந்தே ஆக வேண்டும். நெய்தல் நிலப் பாடல்களில் வரும் கண்டலை உரையாசிரியர் ஒருவாறும் தாவரவியலார் வேறொருவாறும் பொருள்கொள்ளும் சிக்கலும் இதோடு சேரும்.

இந்நிலையில் கண்டல் பற்றிய தமிழ்க் கட்டுரை ஒன்றின் அமைப்பு எவ்வாறு இருக்கலாம்? அறிவியற்பெயரை விட்டுவிட வேண்டியதில்லை. எந்த மரம் என்ற கேள்வியை இரு கடற்கரை வாசகருக்கும் ஒருசேரத் தீர்ப்பது அது ஒன்றே. ஆனால் முதல் பத்தியிலேயே, குடும்பப் பெயருக்கும் முன்னால், எந்தப் பெயர் எந்தக் கரையில் எதைக் குறிக்கிறது என்பது வர வேண்டும். வாழிடம் உறுப்பு விளக்கத்துக்கு முன்பு வருவது கண்டலைப் பொறுத்தவரை தருக்கத்துக்கும் உகந்தது. ஓதமும் உப்பும் இன்றி மூச்சுவேருக்கும் தாயோடு ஒட்டிய முளைக்கும் பொருளில்லை. ஹோர்த்தூஸ் அதை அறிந்திருந்தது. 'வளரும் இடம்' அங்கே வேருக்கு முன்னால் நிற்கிறது. சுவையும் மணமும் விளக்கத்தினுள் திரும்பலாம். வகைப்பாட்டு வரலாறு என்ற பிரிவில் லின்னேயஸ் 1753இல் பெயரிட்டார் என்று தொடங்குவது வழக்கம். அப்பெயர் 1686இன் படத்தின்மேல் நிற்கிறது, அப்படத்தின் பெயரைச் சொன்னவர்கள் மலபார் மருத்துவர்கள் என்பது அந்தப் பிரிவின் முதல் வாக்கியமாக இருப்பதே வரலாற்றுக்கு நேர்மையானது. பயன் என்ற பிரிவில் 'மருத்துவத்தில் பயன்படுகிறது' என்று செயப்பாட்டுவினையில் முடியும் வாக்கியத்திற்கு இடமிருக்கக் கூடாது. யார் பயன்படுத்துகிறார்கள், எந்த ஏட்டின்படி, எந்த உறுப்பை என்பவை இல்லாத மருத்துவக் குறிப்பு குணபாடத்தின் அளவுகோலிலும் தேறாது, தாவரவியலின் அளவுகோலிலும் தேறாது.

இட்டி அச்சுதன் பார்த்துச் சொன்ன ஏடு இன்று இல்லை. அதன் செய்திகள் இலத்தீனுக்குள் மட்டுமே எஞ்சின. கேரளத்தின் தாவரவியலாளர் கா. சு. மணிலால் தம் வாழ்நாளின் பெரும்பகுதியை அந்த இலத்தீனைத் திறப்பதில் செலவிட்டார். கேரளப் பல்கலைக்கழகம் அவருடைய ஆங்கிலப் பதிப்பை 2003இலும் மலையாளப் பதிப்பை 2008இலும் வெளியிட்டது. மலையாளத்தில் சொல்லப்பட்டது மலையாளத்துக்குத் திரும்ப 330 ஆண்டுகள் ஆயின. மணிலால் 2025இன் முதல் நாளில் மறைந்தார்.

அதே ஆண்டுகளில் வடகேரளத்தில் கண்டலைப் பற்றிய வேறொரு நூல் வந்தது. கண்ணூர் மாவட்டத்தின் ஏழோம் ஊரில் புலையர் குடும்பத்தில் பிறந்து, வயல் வேலை செய்து, 1989 முதல் கழிமுகக் கரைகளில் தம் கையால் கண்டல் நட்டு வளர்த்த கல்லேன் பொக்குடன், 2002இல் தம் வாழ்க்கையை எழுதி வெளியிட்டார். 'கண்டல்காடுகளுக்கிடையே என் வாழ்க்கை' என்பது மலையாளத் தலைப்பின் பொருள். கிளையைக் கொண்டுவந்து கொடுத்துவிட்டுப் பெயரின்றி விலகிய கூட்டத்தின் வழியில் வந்த ஒருவர், மரத்தையும் தம் பெயரையும் ஒரே அட்டையில் வைத்தார். தாவரக் கட்டுரைகளின் அடியில் அந்நூல் 'மேலும் படிக்க' என்ற பகுதியில் வைக்கப்படுவதுண்டு. அதற்குரிய இடம் விளக்கப் பிரிவு, 35ஆம் படத்துக்குப் பக்கத்தில்.